சபையில் ஜெபம் நடத்துகிறவன் நான், வீட்டில் வாய் திறக்குதில்லை

வரம்போரம் | உருத்திரபுரம் | செவ்வாய், இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் இங்கே விதைநெல், பசளை, உழவு மெசின் பாகம் என்றுதான் எழுதியிருக்கிறேன். இது வேறு கதை. பொருத்தமில்லை என்றால் நிர்வாகி தூக்கிவிடலாம்.

நாலு ஏக்கர் செய்கிறேன். இரண்டு சொந்தம், இரண்டு குத்தகை. இந்தக் காலபோகம், மாரிகால நெல், பயிர் வடிவாகத்தான் நின்றது. வெட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மழை பிடித்தது, மூன்று நாள் விடவில்லை. வயல் முழுக்கப் பாய் விரித்த மாதிரிப் படுத்துவிட்டது. தண்ணீருக்குள் கிடந்த கதிர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக, ஊசிமுனை அளவில் முளை. வரம்பிலேயே குந்திவிட்டேன். மனிசி வந்து கூப்பிடும்வரை எழும்பவில்லை.

மெசினுக்கு லீசிங் மாதம் 38,000. இரண்டு மாதம் கட்டவில்லை. ஒருத்தன் வந்து படலையில் நின்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கதைத்துவிட்டுப் போனான். ஐப்பசியில் அம்மா போய்விட்டா. இதெல்லாம் வன்னியில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், தெரியும்.

ஆனால் நான் எழுத வந்தது இதற்கில்லை. எங்கள் சபையில் ஜெபம் நடத்துகிறவன் நான். போன ஞாயிறு ஒரு ஆச்சி கையைப் பிடித்து, "தம்பி, என்ர பேரனுக்கு ஒருக்கா ஜெபம் பண்ணு" என்றா. பண்ணினேன். சொற்கள் குழாயைத் திறந்த மாதிரி வந்தன. ஆச்சி அழுதுவிட்டா. எனக்குள்ளே ஒன்றுமே அசையவில்லை. அன்றிரவும் முழங்காலில் நின்றால் "கர்த்தாவே" என்பதற்கு அப்பால் வாய் போகவில்லை. இப்போது ஒரு மாதத்துக்கு மேல் இப்படித்தான். பகலில் நடிக்கிறேன், இரவில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா? என்ன செய்தீர்கள்? தயவுசெய்து வசனம் மட்டும் அனுப்பவேண்டாம். எனக்கும் தெரியும்.

---

கச்சான் கடை | முறிகண்டி | புதன், காலை 6.15

அண்ணை, நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்து பிள்ளையாருக்கு எதிரே கச்சான் விற்கிற குடும்பம். ஏ9 வீதியில் போகிற வாகனம் இங்கே நிற்காமல் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கும் பஸ் நிற்கும். சனம் நித்திரைத் தூக்கத்தோடு இறங்கும், ஒரு கற்பூரம், ஒரு தேங்காய், நெற்றியில் திருநீறு, கையில் கச்சான் பக்கற், ஏறிப் போய்விடும். மொத்தம் இரண்டு நிமிடம். நீளமாகக் கும்பிட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பிள்ளையார் அதைக் குறையாக எடுத்த மாதிரியும் தெரியவில்லை.

"கர்த்தாவே" என்று சொல்லிவிட்டு நிற்கிறீர்கள் தானே. எங்கட கணக்கில் அது ஒரு தேங்காய்.

---

லண்டன் குளிர் | புதன், காலை 9.02

சகோதரனே, சோர்வு எதிரியின் ஆயுதம். இடம் கொடுக்காதே! விசுவாசம் குறையும்போதுதான் ஜெபம் குறைகிறது. மூன்று நாள் உபவாசம் எடு, முழு இரவு ஜெபத்தில் உட்கார். துதி செய், கட்டுகள் அறுபடும். உன் நெல்லை இரட்டிப்பாகத் திருப்பித் தருவார், விசுவாசி!!

---

வவுனியா தாதி | புதன், பகல் 1.30

லண்டன் அண்ணா கோபிக்கக்கூடாது. உபவாசம் எடுக்கச் சொல்லமுதல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் கேட்கிறேன். வரம்போரம் அண்ணா, நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்கு நித்திரை கொண்டீர்கள்?

எலியாவின் கதை உங்களுக்குத் தெரியும். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி, அடுத்து ஒரு பெண்ணின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தீர்க்கதரிசி சொன்ன ஜெபம் அது! தேவதூதன் வந்து பிரசங்கம் வைக்கவில்லை. விசுவாசம் எங்கே என்று அதட்டவுமில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தணலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டார். அதற்கும் பேச்சு விழவில்லை. இரண்டாம் தரமும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் ஓரேபுக்குப் போகிற நாற்பது நாள் நடை. கடவுள் பேசியது அங்கே போய்த்தான்.

வார்டுக்குத் தலையிடி, வயிற்றெரிவு என்று வருகிற ஆம்பிளைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் வயிற்றில் ஒன்றுமில்லை என்று நான் கண்டிருக்கிறேன். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது விசுவாசக் குறைவு இல்லை, வருத்தம். காய்ச்சலுக்குப் போகிற மாதிரி இதற்கும் போகவேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரே போகக் கூச்சமென்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

இன்னொன்று. நேரே கேட்கிறேன், மன்னியுங்கள். இருந்து என்ன பிரயோசனம் என்ற யோசனை வந்ததா? பயிருக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

---

வரம்போரம் | புதன், இரவு 10.20

தங்கச்சி, நேற்று காலையில் பிளேன்டீ, மத்தியானம் இரண்டு வாய் சோறு. நித்திரை மூன்று மணிக்குப் பிறகு.

மற்றக் கேள்விக்கு மூன்று தரம் எழுதி அழித்தேன். ஓம். ஒரு நாள். மழை விட்ட அன்று பின்னேரம், கொட்டிலுக்குள் நின்று போத்தலின் லேபிளை வாசித்துக்கொண்டிருந்தேன். ஏன் வாசித்தேன் என்று தெரியவில்லை. சின்னவள் "அப்பா" என்று வந்தாள், வைத்துவிட்டு வந்துவிட்டேன். இதை யாருக்கும் சொல்லவில்லை. இன்று உங்கள் பதிலைப் பார்த்தபின் மனிசியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கதைக்கவில்லை. எழும்பிப் போய் எல்லாவற்றையும் உரப்பையில் போட்டுக் கட்டி, சைக்கிளில் வைத்து மாமா வீட்டுக்குக் கொண்டுபோனாள். இருட்டில், ரோச்சும் இல்லாமல். திரும்பி வந்து சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

வெள்ளி கிளினிக் போகிறோம்.

---

மாங்குளம் ரீச்சர் | வியாழன், மாலை 4.45

தம்பி, நேற்றிலிருந்து இதை எழுத யோசித்துக்கொண்டிருக்கிறேன். வசனம் அனுப்பவேண்டாம் என்றீர்கள். நான் கதை அனுப்புகிறேன், அதுவும் உங்களுக்குத் தெரிந்த கதை.

2009இல் நாங்கள் மெனிக் பாம் அகதி முகாமில். எனக்கு 23 வயது. ஒரு தறப்பாளுக்குள் இரண்டு குடும்பம். அண்ணா எங்களோடு வந்துசேரவில்லை. பங்கருக்குள் இருந்து பங்கருக்குள் ஓடியபோதும் வேதத்தைக் கைவிடாத அப்பா, பின்னேரத்தில் சாமுவேலின் முதலாம் புத்தகம் வாசிப்பார். முப்பதாம் அதிகாரம் வந்தது. தாவீதும் அவனுடைய ஆட்களும் சிக்லாகுக்குத் திரும்பி வருகிறார்கள். ஊர் எரிந்து கிடக்கிறது. மனைவிமார், பிள்ளைகள் எல்லாரையும் அமலேக்கியர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "அழுகிறதற்குத் தங்களில் பெலனில்லாமல் போகுமட்டும் சத்தமிட்டு அழுதார்கள்." நாலாம் வசனம். அப்பா அதோடு வேதத்தை மூடிவிட்டார். "இண்டைக்கு இவ்வளவும் காணும்" என்றார்.

அடுத்தநாளும் அதே நாலு வசனம். அதற்கடுத்த நாளும். மூன்று நாள் அப்பா நாலைத் தாண்டவில்லை. பக்கத்து ஆட்களுக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும். எங்களுக்கு இல்லை. தறப்பாளின் இரண்டு பக்கத்திலும் எல்லாரும் அழுதோம்.

நாலாம் நாள்தான் ஆறாம் வசனத்துக்கு வந்தார். தாவீதைக் கல்லெறிய வேண்டும் என்று சொந்த ஆட்களே சொல்கிறார்கள். "தாவீது தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான்." இந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதை நிறையக் கண்டிருக்கிறேன். ஆனால் எப்படித் திடப்படுத்தினான் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. பாட்டுப் பாடினானா, உபவாசம் இருந்தானா, ஒன்றுமே இல்லை. அடுத்த வசனத்தில் ஆசாரியன் அபியத்தாரிடம் ஏபோத்தை, அந்த ஆசாரிய உடையை, கொண்டுவரச் சொல்கிறான், கேட்கிறான்: அந்தப் படையைப் பின்தொடரட்டுமா, அதைப் பிடிப்பேனா? அவ்வளவுதான். அழுது முடிந்த மனிதன் கேட்ட ஒரு நடைமுறைக் கேள்வி. எனக்கு அதுதான் ஜெபம் என்று அன்று பட்டது. அடுத்தநாள் காலை தண்ணீர் வரிசையில் நின்று, "ஆண்டவரே, இன்றைக்கு இரண்டு கான் கிடைக்குமா?" என்று கேட்டேன். மாதக்கணக்கில் நான் சொன்ன முதல் உண்மையான ஜெபம் அது.

இன்னும் சொல்லவேண்டும். தாவீதுக்கு எல்லாரும் திரும்பக் கிடைத்தார்கள். ஒருவரும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. அண்ணா இன்றுவரை இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கத் தொடங்கியபோது, வேதக்கார அம்மா அண்ணாவின் படத்தோடு முருகன் வாசலில் போய் இருந்தா. ஆகவே கதையின் முடிவைக் காட்டி உங்களுக்கு நான் ஒன்றும் வாக்குத் தரமாட்டேன்.

நான் நிற்பது நடுவில், பேசோர் ஆற்றங்கரையில். அறுநூறு பேரில் இருநூறு பேர் ஆற்றைக் கடக்க ஏலாமல் அங்கேயே விழுந்துவிட்டார்கள். தாவீது அவர்களைத் திட்டவில்லை. வென்று திரும்பியபோது, போனவர்கள் இவர்களுக்குப் பங்கு கொடுக்கமாட்டோம் என்கிறார்கள். தாவீது, சண்டைக்குப் போனவனுக்கும் ரஸ்துக்களண்டையில் இருந்தவனுக்கும் சரிபங்கு என்று சட்டமே ஆக்கிவிடுகிறான். (ரஸ்து என்றால் படைச் சாமான். ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் அதை ரஸ்க் என்றுதான் வாசிக்கிறார்கள்.)

தம்பி, நீங்கள் இப்போது ஆற்றங்கரையில் இருக்கிறீர்கள். சாமானைப் பார்த்துக்கொண்டு இருங்கள். கொஞ்ச நாளைக்குச் சபையில் வேறு யாராவது ஜெபம் நடத்தட்டும். உங்கள் பங்கு குறையாது.

---

கேள்விக்குறி | புதுக்குடியிருப்பு | வியாழன், இரவு 9.10

ரீச்சர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மரியாதையோடு ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை.

நானும் 2009 மே வரைக்கும் கும்பிட்டவன். முள்ளிவாய்க்காலில் எங்கள் பங்கருக்குள் பதினொரு பேர். ஒரு பக்கத்தில் கந்தசஷ்டி கவசம், மற்றப் பக்கத்தில் செபமாலை. இரண்டும் நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஷெல் விழுந்தது. கவசம் சொன்னவரும் இல்லை, செபமாலை சொன்னவரும் இல்லை. சொல்லத் தெரியாத நான் இருக்கிறேன். 1999 நவம்பரில் மடுக் கோவில் வளவுக்குள் அடைக்கலம் என்று போனவர்களின் மேலேயே ஷெல் விழுந்தது. கோவிலுக்குள்ளே. கடவுள் பெலன் தந்தார் என்று தப்பியவர்கள் சொல்லலாம். போனவர்கள் என்ன சொல்வார்கள்?

வரம்போரம், உங்களைக் குழப்ப இல்லை. ஜெபம் வராதது நோயோ பாவமோ இல்லை, கண் திறந்ததாகவும் இருக்கலாம் என்று ஒரு ஆளாவது சொல்லவேண்டும் என்று எழுதினேன்.

---

லண்டன் குளிர் | வெள்ளி, அதிகாலை 3.33

இப்படிப் பேசுகிறவர்களை ஏன் இங்கே விடுகிறீர்கள்? பிசாசுக்கு

---

நிர்வாகி | வெள்ளி, காலை 7.00

மேலே உள்ள பதிவின் மீதியை நீக்கியிருக்கிறேன். பசளைத் தட்டுப்பாட்டுக் காலத்தில்கூட இந்த இடத்தில் யாரும் யாரையும் பிசாசு என்று சொன்னதில்லை. கேள்விக்குறியின் பதிவு நிற்கும். தொடருங்கள்.

---

மருதமடு | மடு றோட் | வெள்ளி, பகல் 11.25

எனக்கு 71 வயது. மகன் தட்டித் தருகிறான், நான் சொல்கிறேன்.

கேள்விக்குறி தம்பி, நீர் சொன்ன அந்த 1999இல் நான் அங்கே நின்றவன். உம்முடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது என்று யாராவது சாமியார் சொன்னாலும் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன். போனவர்களில் ஒருத்தி என் தங்கச்சி.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எனக்குச் செபம் இல்லை. கோவிலுக்குப் போவேன், தூணோடு சாய்ந்து நிற்பேன். வீட்டில் ஏழு மணிக்குச் செபமாலை. மனிசி என் கையில் மணியைத் திணித்து, விரலைப் பிடித்து ஒவ்வொரு மணியாக நகர்த்துவா. செபமாலையில் ஒரு வழக்கம் இருக்கிறது தானே. "அருள் நிறைந்த மரியே" என்று ஒருவர் தொடங்கினால் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று மற்றவர்கள் பிடித்து முடிக்கவேண்டும். ஒரு ஆள் முழுவதையும் சொல்வதில்லை. நான் என் பாதியைச் சொல்லாமல் இருந்தேன். அவ என் பாதியையும் சேர்த்துத் தானே சொன்னா. ஒரு நாள்கூட "நீங்களும் சொல்லுங்கோவன்" என்று கேட்கவில்லை. அடுத்த ஆவணித் திருவிழாவில், மாட்டு வண்டிலும் லாண்ட்மாஸ்டருமாக வந்த சனம் காட்டுக்குள்ளே கொட்டில் போட்டு இருட்டில் செபமாலை சொல்லும்போது, என் வாய் தன்பாட்டுக்கு மற்றப் பாதியைப் பிடித்துக்கொண்டது. நான் தீர்மானிக்கவில்லை. ஏன் வந்தது என்றும் தெரியாது.

மாதாவைப் பற்றியும் ஒன்று. அவ எங்கட ஆள் என்று நான் நினைப்பது புதுமை செய்கிறா என்பதற்காக இல்லை. அவவும் இடம்பெயர்ந்தவ. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670இல், மாந்தையில் இருந்து இருபது குடும்பம் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தது. பிறகு 2008 ஏப்ரலில் சண்டை கிட்ட வந்தபோது குருக்கள் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆவணியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2015 தையில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து அதே சுரூபத்துக்கு முன்னால் நின்றார். எனக்கு அன்று ஞாபகம் வந்தது பாப்பரசரை இல்லை, தேவன்பிட்டிக்குப் போன அந்தப் பாதையை.

வரம்போரம் மகன், உமக்கு மனிசி இருக்கிறா. போத்தலைக் கட்டிக்கொண்டு இருட்டில் சைக்கிளில் போனவ. அவ உம்முடைய பாதியைச் சொல்லிக்கொண்டுதான் போயிருப்பா.

---

நந்திக்கடல் | முல்லைத்தீவு | வெள்ளி, இரவு 8.50

வேதக்காரர் எல்லாரும் கதைத்துவிட்டீர்கள், ஒரு சைவக்காரனுக்கும் இடம் விடுங்கள்.

நம்முடைய ஆட்களுக்குக் கடவுளைத் திட்டுவது புதிது இல்லை. சுந்தரரைப் பாருங்கள், பக்கத்துத் திருக்கேதீச்சரத்தையும் பாடியவர். ஒற்றியூரில் மணந்த சங்கிலியாரை விட்டுப் பிரியேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுத் திருவாரூர் நினைப்பில் புறப்பட்டார், ஒற்றியூர் எல்லை தாண்டினதும் இரண்டு கண்ணும் போய்விட்டது. தட்டுத்தடுமாறி வெண்பாக்கம் வந்து, "கோயிலில் இருக்கிறீரா?" என்று சிவனிடம் கேட்கிறார். உள்ளே இருந்து வந்த பதில், "உளோம் போகீர்." இருக்கிறோம், நீ போ. கண்ணைக் கொடுக்கவில்லை. ஒரு ஊன்றுகோலைக் கொடுத்தார். காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மற்றது. அங்கே போய்ப் பாடின பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். எங்கட ஊர்ப் பொம்பிளையள் கோபத்தில், "சரி, நீங்கள் நல்லா இருங்கோ" என்று முகத்தைத் திருப்புகிற அதே தொனி. அதைத் தேவாரம் என்று வைத்துக்கொண்டு கோவிலில் ஓதுகிறோம்.

நான் கடல்தொழில். 2004 டிசம்பர் 26 எங்கள் வீட்டில் இரண்டு பேர். ஊருக்குத் தெரியும், விரிவாக எழுதவில்லை. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன்னால் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கு ஏற்றுவார்கள். சின்னனில் இருந்து அந்தத் தீர்த்தத்துக்குப் பின்னால் நடந்தவன் நான். சுனாமிக்குப் பிறகு வந்த வைகாசியில் போகவில்லை. அந்தத் தண்ணீரை எடுத்து விளக்கு ஏற்றுவார்களாம், நான் கும்பிடவேணுமாம் என்று வீட்டில் சத்தம் போட்டேன். வாயில் வந்த எல்லாவற்றாலும் அம்மாளைப் பேசினேன்.

மற்ற வருடம் போனேன், கும்பிட இல்லை, சண்டை பிடிக்க. வாசலில் ஒரு கிழவர் நின்றார். என் முகத்தைப் பார்த்து, "பேசப்போறியோ? உள்ளுக்குப் போய்ப் பேசு. வெளியில நிண்டு பேசினா ஆருக்குக் கேக்கும்" என்றார். உள்ளே போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரியடியில் உப்புப் படிந்து வெள்ளையாகக் கிடந்தது. பேச எடுத்துவைத்த ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடல் தண்ணீர் எப்படி எரியும் என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. (கேள்விக்குறி, உங்களைத்தான்.) அதே தண்ணீர் என்பதுதான் என் கதை. அடுத்தநாள் வலையை எடுத்தேன். முதல்நாள் பாடு ஒன்றுமில்லை, வெறும் சாளை.

அண்ணை, ஜெபம் வராவிட்டால் திட்டுங்கள். ஆனால் உள்ளுக்குப் போய்த் திட்டுங்கள்.

---

கேள்விக்குறி | சனி, காலை 6.40

மடு ஐயா, பதில் இல்லை என்று சொன்னதற்கு நன்றி. பதினைந்து வருடத்துக்கு மேல் இதைக் கேட்கிறேன், அப்படிச் சொன்ன முதல் ஆள் நீங்கள்.

நந்திக்கடல், திரியடி உப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வரம்போரம், தண்ணீர் வடிந்துவிட்டதா? சில்லு மெசின் இறக்கினால் புதையும். சங்கிலி பூட்டிய அறுவடை மெசின் வைத்திருக்கும் ஒருவரைத் தெரியும், திங்கள் பரந்தன் பக்கம் வருகிறார். படுத்த பயிருக்கு மணித்தியாலக் கணக்கில்தான் காசு, ஆனால் கடனுக்குச் செய்வார். நான் சொல்கிறேன். என்னிடம் பெரிய தறப்பாள் இரண்டும் கிடக்கிறது.

---

லண்டன் குளிர் | சனி, இரவு 11.58

நிர்வாகிக்கும் கேள்விக்குறிக்கும் மன்னிப்பு. நான் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. அம்மா கிளிநொச்சியில் செத்தபோது விசா சிக்கலில் வர ஏலவில்லை, போனில்தான் பார்த்தேன். "விசுவாசி" என்று நான் கத்துவது அநேகமாக எனக்குத்தான். வரம்போரம், உங்கள் அம்மாவைப் பற்றி எழுதிய ஒரு வரியைத் தாண்டி நான் வாசிக்கவே இல்லை. லீசிங்குக்கு ஒரு மாதக் காசு அனுப்ப விரும்புகிறேன். தவறாக நினைக்காவிட்டால் உள்பெட்டியில் எழுதுங்கள்.

---

வரம்போரம் | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 9.30

எல்லாருக்கும் ஒரேயடியாக எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நல்ல போகத்தில் நூறு மூட்டைக்குக் குறையாது. 41 வந்தது. அதிலும் முளைத்தது ஒன்பது, அதை மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்தேன். கேள்விக்குறி தானே மெசினோடு வந்து நின்றார். இரண்டு நாள் என்னோடு வீதியோரம் நெல் கிண்டினார். ஈரப்பதன் 14க்குக் கீழே வந்தால்தான் எடுப்பார்கள் என்பதால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் காலால் வரிசை இழுத்துப் பிரட்டவேண்டும். மத்தியானம் ஒரு கருமுகில் எழும்பியது. நான் மேலே பார்த்து, "ஆண்டவரே, இன்னும் இரண்டு மணித்தியாலம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் தறப்பாளை இழுத்துக்கொண்டே, "நீங்கள் அங்க கேளுங்கோ, நான் இந்த மூலையைப் பிடிக்கிறன்" என்றார். மழை வந்தது. பாதி நனைந்தது. ரீச்சர், ஒரு மாதத்துக்கும் மேலாக நான் கேட்ட முதல் கேள்வி அதுதான், கிடைத்த பதில் அவ்வளவு நல்லதில்லை. ஆனாலும் கேட்டேன்.

கிளினிக்கில் மருந்து தந்தார்கள். இரவு பதினொன்றுக்கு நித்திரை வருகிறது. தாதித் தங்கச்சிக்கு மனிசி ஒரு பை பச்சையரிசி எடுத்து வைத்திருக்கிறாள், எங்கே அனுப்புவது என்று கேட்கிறாள்.

போதகரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சரி, நீர் கொஞ்ச நாள் பின்வாங்கிலில் இரும்" என்றார். போன ஞாயிறு கடைசி வாங்கிலில் இருந்தேன். அதே ஆச்சி வந்து பக்கத்தில் இருந்தா. ஒருவரும் சொல்லியிருக்க வழியில்லை, ஆனாலும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொன்னா. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆச்சியின் கையில் மஞ்சளும் வெங்காயமும் மணத்தது. அம்மாவின் கை மாதிரி. அங்கேயே அழுதுவிட்டேன், சத்தமாக. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரவு ஜெபம் இன்னும் பெரிதாக ஒன்றுமில்லை. "கர்த்தாவே" என்கிறேன், நிற்கிறேன். முந்தி அந்த நிற்பது பயமாக இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை. மனிசி மிச்சத்தைச் சொல்கிறாள். ஒரு நாள் வாய்தவறி "உளோம் போகீர்" என்று வந்துவிட்டது. போதகருக்குச் சொல்லவேண்டாம்.

லண்டன் அண்ணா, காசு வந்தது, ஒரு மாதம் கட்டினேன். படலையில் கத்தியவன் இப்போது போனில் கதைக்கிறான். உங்கள் அம்மாவின் கல்லறை எந்த இடம் என்று எழுதுங்கள், எங்கள் அம்மாவுடையதைத் துப்பரவாக்கப் போகும்போது அங்கேயும் போகிறேன்.

---

நந்திக்கடல் | ஞாயிறு, இரவு 9.52

41 மூட்டை. சாளையை விடப் பரவாயில்லை.

---

கச்சான் கடை | திங்கள், காலை 6.05

அண்ணை, இந்தப் பக்கம் வந்தால் நிறுத்துங்கள். கச்சானுக்குக் காசில்லை. தேங்காய் என்றால் காசு.

---

வரம்போரம் | திங்கள், காலை 6.30

சரி தம்பி. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்களா? யாருக்காவது தெரியுமா?